பலர்பால்

உபி அவென்யூ மூன்றில்
எங்கள் பெயர்ப்பலகைக் கடையில்
தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவது
என் கூடுதல் வேலை.
கூடுதல் சம்பளம் கிடையாது.
போன மாதம் ஒரு மின்தூக்கி வாசலில்
எச்சரிக்கையிலிருந்து
கை மட்டும் கழன்று தனியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்டர்:
தை செங், ஆறாம் மாடி, சரக்கு அனுப்பும் கம்பெனி.
பழைய இரண்டையும் கழற்றிவிட்டுப்
புதிதாய் இரண்டு, ஒரே மாதிரி, நான்கு மொழி.
கால்சட்டை வேண்டாம், பாவாடை வேண்டாம்,
பீங்கான் படம் போதும்.
தமிழ் வரியை அவர்களே அனுப்பியிருந்தார்கள்,
ஏதோ இயந்திரம் பெயர்த்தது:
பாலினம் நடுநிலை ஓய்வு அறை.
ஓய்வெடுக்கவா போகிறார்கள் என்று சிரித்தேன்.
பிறகு பேனாவோடு உட்கார்ந்தேன்.

ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால்.
தெம்பனிஸ் பள்ளியில் மனப்பாடம் செய்தது.
ஐந்து கதவு வைத்திருக்கிறது இலக்கணம்.
ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால்
ஒரே ஆளும் பலர்பால் கதவு வழியாகத்தான்:
அவர் வந்தார். அவர் போனார்.
மீசையா கூந்தலா என்று
அந்த 'ஆர்' கேட்டதே இல்லை.

மாதிரியைக் காட்டப் போனேன்.
கையெழுத்திட வந்தவர் ராசமணி, கணக்குப் பிரிவு.
மின்னஞ்சலில் ஆண் என்று நினைத்திருந்தேன்,
தொலைபேசியில் பெண் என்று.
நேரில், நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.
மேசையில் இரண்டு லிட்டர் தண்ணீர் போத்தல்.
பிற்பகல் மூன்று மணிக்கும்
கழுத்துவரை நிறைந்திருந்தது.
"குடிக்கிறதில்லையா?" என்றேன், சும்மா.
"எதிர்க் கட்டடம், கீழ்த்தளம், கோப்பிக்கடைக்குப் பின்னால்
சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒன்று இருக்கு.
மழை பெய்தால் குடை வேணும்."
அவ்வளவுதான் சொன்னார்.
நான் விலைப்பட்டியலைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பொருத்தப் போன சனிக்கிழமை
மக்சிக் ரொஹானா வாளியோடு நின்றார்.
பதினொரு வருடமாய் ஆண்கள் பக்கமும் அவர்தான் கழுவுகிறார்.
"கிளீனிங்!" என்று ஒரு குரல், உள்ளே போய்விடுவார்.
ஜிப்பை இழுத்தபடி மேலாளர்கள் சுவரைப் பார்ப்பார்கள்.
அதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை.
இதற்கு மூன்று கூட்டமாம்.
சுவர்த் தொட்டிகளைப் பெயர்த்த இடத்தில்
தரைவரை கதவிட்ட தனித்தனி அறைகள்.
சீட்டை நனைத்துவிட்டுப் போகிறவர் யார்
என்பதுதான் தன் கேள்வி என்றார், மலாயில்.
எனக்குப் பாதி புரிந்தது. போதுமாயிருந்தது.

கால்சட்டைக்காரனைக் கழற்றினேன்.
பாவாடைக்காரியைக் கழற்றினேன்.
ஆளுக்கு நான்கு துளை.
பின்னால் சுவர் மட்டும் பழைய வெள்ளையாய்,
யாரோ ரொம்ப நாள் சாய்ந்து நின்றது போல.
புதுப் பலகை கொஞ்சம் சிறிது. முழுதாய் மூடவில்லை.
நான்கு மொழியிலும் ஒரே சொல்.
தமிழில்: கழிப்பறை.
அடைமொழி எதையும் நான் சேர்க்கவில்லை.
றகரத்துக்கு முன்னால்
ஒழுங்காக நின்றது கொம்பு.

போன வாரம் வேறு வேலையாய் அதே மாடி.
வழியில்தான் ராசமணியின் மேசை.
போத்தலைப் பார்க்கக்கூடாது என்று
பார்க்காமலே நடந்தேன்.
வரிசையில் மூன்றாவது ஆள் நான்.
முன்னால் லாரி ஓட்டுநர்,
அவருக்கு முன்னால் சரிகை முந்தானையோடு
யாருடைய விருந்துக்கோ கிளம்பிய வரவேற்பாளர்.
காலை மாற்றி மாற்றி நின்றோம்.
"உள்ளே யாரு, இவ்வளவு நேரம்?"
என்றார் ஓட்டுநர்.
வரவேற்பாளர் கதவைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்.
"யாரோ ஒருத்தர்," என்றார்.