நான்கு பேர்

பதினேழு நிமிடம்தான் ஆகியிருந்தது.
"அப்பாவை நான் பார்த்ததே இல்லை,
ஆனால் வீட்டில் எல்லாம் அவர் சொன்னபடிதான்"
என்று கூரையின் ஈரக்கறையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தலைமாட்டுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.
"இன்றைக்கு இது போதும்" என்றார் டாக்டர் இரிபார்னே.
முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

பியூனஸ் அயர்ஸில் இதற்கெல்லாம் யாரும் கோபப்படுவதில்லை.
இந்தத் தெருவில் மருந்துக்கடைகளைவிட
சாய்வுப்படுக்கைகள் அதிகம்.
ரொட்டி சுடுகிறவருக்கும் ஒரு கெட்ட கனவு உண்டு,
அதற்கு வியாழன் நாலரை மணி உண்டு.

லிஃப்ட் பழுது என்று வழக்கமாகப் படியில் வருவேன்.
அன்று சரியாகியிருந்தது.
இரும்புக் கூண்டு, மடக்குக் கதவு,
கண் மட்டத்தில் ஒரு பித்தளைத் தகடு:

எவாரிஸ்தோ தபோர்தா மற்றும் மகன்கள்
நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது

என் பிறப்புச் சான்றிதழில்
தந்தை என்ற கட்டத்தில் இருக்கும் பெயர்.
ஒரு எழுத்து மாறாமல்.

பல்வனெராவில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தை
அம்மா தெல்மிரா பெருக்கித் துடைத்தாள்.
மொட்டைமாடி அறை எங்களுக்கு.
ஒரே கட்டில், ஒரே போர்வை,
எது அவள் மூச்சு எது என் மூச்சு என்று
பிரிக்க வேண்டியிராத ஏழு வருடம்.
அதற்குள் அவர் எப்படியோ புகுந்துவிடுவார்.
அப்பாவுக்குப் பிடிக்காது, விரலைச் சப்பாதே.
அப்பா சொல்லிவிட்டார், இனிமேல் நீ தனி மெத்தையில்.
எப்போது சொன்னார்?
நீ தூங்கினபிறகு.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் தகடு இல்லை.
நான்கு திருகாணித் துளை,
நடுவே வெயில் படாத தோல்போல்
வெளிறிய ஒரு செவ்வகம்.
"திருட்டுப் பயல்கள்" என்பாள் அம்மா.
மேலே போகும்போதெல்லாம்
என் தலையைத் தாண்டி அங்கேதான் பார்ப்பாள்.
அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும்
எதைப் பார்க்கிறாள் என்று பார்ப்பேன்.
ஒன்றும் இருக்காது.

ஒத்திலியா, என் பழைய அறைத்தோழி,
மனப்பகுப்பாய்வில் ஏழாம் வருடம் படிக்கிறவள்,
ஒருமுறை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
அப்பா ஆள் இல்லையடி, இடம்.
அம்மாவின் கண் உன்னைத் தாண்டி எங்கே போகிறதோ
அந்த இடம்.
நான் அப்போது சிரித்தேன்.
வெங்காயம், கண்ணில் நீர் வேறு.

பள்ளியில் படித்தோமே, தோன்றா எழுவாய்.
'வந்தார்' என்றால் போதும்,
வந்தவரை எழுத வேண்டியதில்லை,
வினையின் வாலில் ஒண்டிக்கொண்டிருப்பார்.
'கூடாது' என்பதில்
அந்த வால்கூடக் கிடையாது.

எந்த இரவில், எந்தத் திருப்புளியால் கழற்றினாயம்மா?
பதிவு அலுவலகத்துக்கு முந்தின நாளா,
நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய அன்றா?
பேர் இல்லாதவளுக்கு ஒரு பேர் வேண்டும்,
கடவுளிடம் கேட்கவில்லை, காதலனிடம் கேட்கவில்லை,
தினம் மாடிக்குத் தூக்கிப் போகிறவனிடம் எடுத்துக்கொண்டாய்.
மற்றும் மகன்கள்.
எனக்கு அண்ணன்மார் இருக்கிறார்கள்.
எண்ணெய்க் கையோடு, எங்கோ.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
கூண்டு அசையவில்லை.
கீழே யாரோ கத்தினார்கள்: கதவை மூடு!
மூடாமல் நகராது இந்த வகை.
இழுத்துச் சாத்தினேன்,
வராந்தாவுக்கும் எனக்கும் நடுவே
இரும்புச் சதுரங்கள் நெருங்கின,
அப்புறம்தான் இறங்கத் தொடங்கியது.

கீழே ஐந்து மாணவர்கள், பெட்டிகளோடு,
ஒருவன் தோளில் சுருட்டிய கம்பளம்.
நான் வெளியே வருமுன் முண்டியடித்தார்கள்.
"நான்கு பேர். அதற்கு மேல் கூடாது."
என் வாய்தான், குரல் கொஞ்சம் தடித்திருந்தது.
"யார் சொன்னது?" என்றான் கம்பளக்காரன்.
"எங்கள் அப்பா."

தகட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கம்பளத்தைத் தோள் மாற்றிக்கொண்டு
படியேறிப் போனான்.