ஒட்டு

சாம்பல்தான் வேண்டியிருந்தது எனக்கு.
மழைக்கு முந்தின அரைமணி நேரம்
வாளையார் மலைமேல் நிற்குமே, அந்தச் சாம்பல்.
திருப்பூரிலிருந்து கொழுந்தன் மகன்
கொடுத்தனுப்பிய சாயப்பொட்டலத்தில்
பேனாவால் அப்படித்தான் எழுதியிருந்தது.

எட்டு மீட்டர் காடாத்துணி.
சலவைச்சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன்.
கஞ்சி போயிற்றா என்று பார்க்க
ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும்.
உருண்டு நின்றால் ஆகவில்லை.
விழுந்த இடம் தெரியாமல் போனால் சரி.
மூன்றாம் கொதியில் தெரியாமல் போயிற்று.

இரண்டு கிலோ கல்லுப்பு கேட்டதற்கு
"ஊறுகாயா?" என்றார் மளிகைக்கடை ரப்பாயி.
ஆமாம் என்றேன்.
ஊறப்போடுவதுதானே.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் போர்த்தண்ணீரில்
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
சாம்பல் மட்டும் நிற்குமா?
குளியலறை வாளியில் கிளறக் கிளற
சாம்பலுக்குள் குடியிருந்த நிறங்கள்
பாகம் பிரித்துக்கொண்டு கிளம்பின.
சோடா கரைத்துவிட்டு
அடுப்பில் சோற்றை வடித்துத் திரும்பினால்
வாளி நிறையக் கத்தரிப்பூ.

அலசுவதுதான் பெரும்பாடு.
டேங்கர் செவ்வாயும் சனியும் வரும்,
வீட்டுக்குப் பத்துக் குடம்.
முதல் குடத்துத் தண்ணீர் திராட்சை.
மூன்றாவது, நாவல்பழம் தின்ற நாக்கு.
ஐந்தாவதிலும் விட்டபாடில்லை.
ஆறாவது குடத்தில் கை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
அது சமையலுக்கு.

வேலந்தாவளம் தாண்டி
முருங்கைக்காயும் புளியுமாக வந்த பங்கஜவல்லி
வாசலிலேயே என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.
"ஒரு விரலுக்குத்தானே மை வெப்பாங்க?
நீ எத்தன பேரோட ஓட்டைப் போட்ட?"
ஓட்டில்லை நாத்தி, ஒட்டு, என்று
வெட்டிவைத்த சதுரங்களைக் காட்டினேன்.
"அக்கட்ட ஒண்ணு இக்கட்ட ஒண்ணு போடறவங்க
எங்க தெருவுலயே நாலு பேரு" என்றாள்.
முருங்கைக்காயை எண்ணி வைத்தாள், பதினொன்று.

நூற்றுப் பன்னிரண்டு சதுரம்.
மடிப்பில் சாயம் எட்டாத வெள்ளைக் கோடுகள்.
ஒன்றில் என் கட்டைவிரல் அழுத்திய இடம்,
வெட்டி எறிய மனம் வரவில்லை,
ஓரத்து வரிசையில் வைத்துத் தைத்தேன்.
நடுவே பழைய கம்பளி, அடியில் அவர் வேட்டி.
மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல்
இருபத்தியிரண்டு ராத்திரி.

மயில்சாமி அதைப் பிக்கப் வண்டியில் கொண்டுபோனார்.
திருச்சூருக்குத் தக்காளி லோடு,
இறக்கும்வரை சீட்டில் தூக்கம்.
மறுநாள் வந்தவரின்
இடது காது, கன்னம், பனியன் தோள்பட்டை
எல்லாம் கத்தரிப்பூ.
மார்க்கெட்டில் கேட்டார்களாம்,
கிருஷ்ணன் வேஷத்தைப் பாதியில் கலைத்தீர்களா என்று.
சொல்லிவிட்டுக் கோபப்படவுமில்லை.
போர்வையை மடித்துக் கொடுத்தார்.
"இன்னும் ரெண்டு தண்ணி பாரு."

ரெண்டு தண்ணி.
யாரிடம் கேட்பது?

கணவாயில் எங்களுக்குக் காற்றுதான் ஜாஸ்தி,
மழை என்பது பாலக்காட்டுக்காரர்கள்
நனைந்து முடித்த மிச்சம்.
ஜூனில் ஒருநாள் அந்த மிச்சமே பலமாக வந்தது.
ஓடிப்போய் மாடிக் கைப்பிடிச்சுவரில்
போர்வையை விரித்துப் போட்டு
நாலு செங்கல் வைத்தேன்.
ராத்திரி முழுக்கக் காசில்லாமல் அலசியது.

விடிந்து பார்த்தால் கத்தரிப்பூ கத்தரிப்பூதான்,
ஒரு சுற்று வெளுத்திருந்தது.
கீழே சுண்ணாம்புச் சுவரில்
சன்னலுக்கும் குழாய்க்கும் நடுவே
வழிந்து காய்ந்திருந்தது,
நான் கேட்ட சாம்பல்.
ஒரு ஆள் உயரம்.

"வெள்ளை அடிச்சிரலாமா?" என்றார்.
ஓணம் கழியட்டும் என்றேன்.

ஒற்றை ஆள் பிழிகிற கனமில்லை அது.
ஆளுக்கொரு முனை பிடித்து
அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம் முறுக்கினோம்.
கடைசியாகச் சொட்டியதை
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் இருந்தது.