வந்த நோக்கம்

ஜெசிந்தா, பையை முதல்ல நிறுத்துப் பாரு.
காய்லாங்கடைத் தராசு வேணாம், அது குறைச்சுத்தான் பேசும்.
கல்மண்டபம் அரிசிக்கடைக்காரன்
ராத்திரி பத்துக்கு மேல ஷட்டரைப் பாதி இறக்கிட்டு
நிறுத்துக் குடுப்பான்.
முப்பது கிலோன்னா இருபத்தொன்பதரை.
அந்த அரைக்கிலோ உன் மானத்துக்கு.

எம்.சி. ரோட்டுல எடுத்த சேலைங்களோட
அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடு.
அட்டைக்கும் எடை இருக்குது.
மேலாக்க ரெண்டு நைட்டி, ஒரு டவல், தேங்காயெண்ணெய்,
இது ஒரு பொம்பளையோட பைதான்னு தெரியட்டும்.

ஏர்போர்ட் வாசல்ல ஒருத்தன் வருவான்.
நல்ல சட்டை போட்டிருப்பான்.
"அக்கா, சின்னப் பார்சல், தம்பி வந்து வாங்கிப்பான்" ம்பான்.
காது கேக்காதவ மாதிரி நட.
சின்னப் பார்சல் வாங்கினவ பேரை
நம்ம சந்துல இப்ப யாரும் எடுக்கறதில்ல.

ஃபாரம்ல 'வந்த நோக்கம்'னு ஒரு கட்டம் இருக்கும்.
சுற்றுலான்னு எழுது.
என்ன பாக்கப் போறேன்னு கேட்டா கண்டின்னு சொல்லு.
நான் கண்டியைப் பாத்ததில்ல. கேட்டவரும் அதுக்கு மேல கேட்டதில்ல.

அங்க நீ ஃபாரினர், ஞாபகம் வச்சுக்கோ.
பஸ்சுக்கு மட்டும் காசு மாத்து,
மீதியைப் புறக்கோட்டையில மாத்திக்கலாம்.
ஆட்டோக்காரன் நம்ம மூலக்கொத்தளத்து ஆளு மாதிரியே சிரிப்பான்,
மீட்டர் போட்டப்புறம் ஏறு.
ஜன்னல் வச்ச ரூமுக்கு வாடகை கூட.
எதுக்கு? அந்தத் தெருவுலதான் பகலெல்லாம் சுத்தப் போறே.
பசிச்சா மாலு பாண். மீனை ரொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான்,
ஒண்ணு தின்னா மூணு மணி வரைக்கும் தாங்கும்.
எவ்ளோன்னு கேக்க 'கீயத'.
வேணாம்னு சொல்ல 'எபா'.
எபாவை முதல்ல கத்துக்கோ.
அக்கான்னா அங்கயும் அக்காதான்.

அப்புறம் காலண்டர்.
பௌர்ணமின்னா அங்க கடை இல்ல. போயாம்பாங்க.
எனக்கு இதை ஒருத்தரும் சொல்லல.
பதிமூணாவது ட்ரிப்பு. பையைத் தூக்கிட்டு மெயின் வீதிக்குப் போனா
ஷட்டர், ஷட்டர், ஷட்டர்.
பூசைக்குப் போற ஞாயிறு மாதிரி
ஜனம் மொத்தமும் வெள்ளை உடுத்திட்டுப் பூவோட போவுது.
இருபத்திரண்டு சேலையையும் ரூம்ல பூட்டிட்டு
என்ன செய்யறதுன்னு தெரியாம ஸ்டேஷனுக்குப் போனேன்.
கல்கிசைக்கு மூணாங்கிளாஸ் டிக்கெட்டு,
இங்க ஒரு டீக்குக் கூட வராது அந்தக் காசு.

வாசப்படியில உக்காந்தேன்டி.
தண்டவாளத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல
நாலு பாறைதான்.
அலை என் காலை நனைச்சுது, வண்டி ஓடிட்டே இருக்கு.

இஸ்ஸோ வடை விக்கறவன்கிட்ட
ஒரு வெள்ளைக்காரப் பையன் ரூபா நோட்டை
விசிறி மாதிரி விரிச்சு நீட்டிட்டு நிக்கறான்.
நான்தான் குறுக்க பூந்து கீயத கேட்டேன்.
பாதியா ஆச்சு.
எந்த ஊருன்னான். ராயபுரம்னேன்.
அழகான இடமான்னு கேட்டான்.

கன்டெய்னர் லாரி, தண்ணிக் குடம், மணலிக் காத்து,
எதைச் சொல்றது?
எனக்குத் தெரிஞ்ச பாதி இங்கிலீஷ்ல
காசிமேட்டுக்கு விடிகாலை நாலு மணிக்கு வா,
செருப்பு போட்டு வா, வழுக்கும்,
முதல் ஏலத்துல வாங்காதே,
மண்ணடியில மலிவா ரூம் கிடைக்கும்,
கொசுவத்தி நீயே வாங்கிட்டு வான்னு சொன்னேன்.
ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டான்.
எங்க ஊரைப் பத்தி ஒருத்தன் எழுதிக்கிட்டது
அதுதான் முதல் தடவை,
கந்துவட்டிக்காரனை விட்டா.

வந்தானான்னு தெரியாது.
ஆனா அந்தக் கட்டத்துல எழுதறப்ப
அதுக்கப்புறம் என் கை நடுங்கல.

சரி, கொக்கியில மாட்டு.
முப்பதே கால்.
மஞ்சளை எடுத்துடு, அங்க போவாது.
இன்னும் ஒண்ணு.
அந்த நைட்டியையும் எடேன், நான் இரவல் தர்றேன்.