கந்தப்பளையில் எண்ணெய் உறையும் மாதம்

தை பிறந்து ஏழாம் நாள்.
கடைக் கதவின் தாழ்ப்பாள் விரலைக் கடித்தது.
வெளியே கோவாப் பாத்தி நெடுக
சீனி மூட்டை கிழிந்து கொட்டினாற்போல் பனி.
உள்ளே தகரத்தில்
தேங்காயெண்ணெய், வெள்ளைக் கல்.

இருபத்துநாலு பாகைக்குக் கீழே போனால் அப்படித்தான் என்கிறான்
அடுத்த கடையில் போன் திருத்தும் லோகிதன்.
அவனுடைய ஈயக் கம்பி இளக
நூற்றெண்பத்துச் சொச்சம் வேண்டுமாம்.
வத்தளைத் தங்கச்சிக்கு
எண்ணெய் என்றால் ஓடுவது.
எனக்கு,
கரண்டிக் காம்பால் குத்திப் பெயர்ப்பது.

புஸ்பலீலா வந்தாள், ஒடுங்கின கழுத்துப் போத்தலோடு.
"கால் போத்தல் எண்ணெய்."
கல்லை அந்தக் கழுத்துக்குள் எப்படி இறக்க?
அடுப்பை மூட்டி
வெந்நீர்ச் சட்டியில் தகரத்தை வைத்தேன்.
இருவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

விரல் விட்டுப் பார்த்தேன்.
ஓரம் இளகியும் குளிர்தான்.
கட்டி ஒரு துண்டு மிச்சமிருக்கும் வரை
கொடுக்கிற சூடெல்லாம்
கட்டியை அவிழ்க்கவே போய்விடுகிறது.
எவ்வளவு விறகு தின்றது என்று
எண்ணெய் முகத்தில் காட்டாது.
"சம்பளப் பேச்சு மாதிரி" என்றாள்.
சிரிக்கவில்லை.

ஏழாம் நம்பர் மலை கருகிவிட்டதாம்.
நெருப்பில்லாத கருகல்.
நேற்று அவளுக்கு அரைப்பேர்.
"தண்ணி உறைஞ்சா பெருக்கும் அண்ணே.
இலைக்குள்ள இடம் காணாது, கிழிச்சிரும்.
சித்திரையில ஒங்க பிரிஜ்ஜில
ஐஸ்பக்கட் வெடிச்சுக் கெடந்துச்சே, அது மாதிரி."

பிறகு தகரத்தை எட்டிப் பார்த்தாள்.
"எண்ணெய் அப்படி இல்ல.
உறைஞ்சா சுருங்குது.
நடுவுல குழி பாருங்க."

பார்த்தேன்.
பெருவிரலால் அமுக்கின மாதிரி ஒரு குழி.
பன்னிரண்டு தை மாதமாய்
அந்தக் குழிக்கு மேல்தான் கரண்டி வைத்திருக்கிறேன்.

"சுட வச்சு அளந்தா ஊதி நிக்கும்.
வீட்டுக்குப் போயி ஆறினா
போத்தல்ல அரை விரல் கொறையும்.
நிறுத்துத் தாங்க."

நான் நுவரெலியாவில் வாங்குவது கிலோக் கணக்கில்.
விற்பது போத்தல் கணக்கில்.
இடையில் ஒழுகிய அந்த அரை விரலை
தெரியாது என்றால் பொய்.
தெரியும் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

"எங்க கொழுந்துல
தண்ணிக்கழிவுன்னு மூணு கிலோ வெட்டுறாங்க,
வெயில் காயிற நாள்லயும்.
எனக்கா நிறுவை தெரியாது?"

தராசை எடுத்தேன். தட்டில் தூசி.
வெங்காயச் சருகு ஒன்றை ஊதித் தள்ளிவிட்டு
வெறும் போத்தலை முதலில் நிறுத்தேன்.
அவள் முள்ளையே பார்த்தாள்.
நானும் முள்ளையே பார்த்தேன்.
வழக்கமான கோட்டுக்கு வந்தும்
முள் போதாது என்றது.
இன்னொரு கரண்டி.
இன்னும் கொஞ்சம்.

அவள் நன்றி சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது.
மூடியை இறுக்கித் திருகி
சுவெட்டருக்குள் வயிற்றோடு போத்தலைச் செருகினாள்.
லயத்துக்கு இருபது நிமிட ஏற்றம்.
வழியில் உறைந்தால்
அந்தக் கழுத்து வழியே வெளியே வராது.
வயிற்றுச் சூடு முப்பத்தேழு.
போதும்.

கடன் கொப்பியைத் திறந்தேன்.
பேனா எழுதவில்லை. மை விறைத்திருந்தது.
முனையை உள்ளங்கைக்குள் பொத்தி
ஊதினேன்,
ஊதினேன்,
கோடு விழுந்தது.
புஸ்பலீலா. எண்ணெய். நிறுத்தது.