ஆற்றை துண்டு?

பெரியாஸ்பத்திரி, தோல் கிளினிக்.
நாற்பத்தேழாம் இலக்கம் நான்.
ரியூப்பைத் தாங்கோ என்றார் டொக்டர்.
கைப்பைக்குள் துழாவி எடுத்தேன்,
பற்பசை போல அடியிலிருந்து சுருட்டியதை.

"ஆற்றை துண்டுக்கு வாங்கினது?"

மச்சாள் நிரஞ்சலாவின்ரை.
அவவுக்கு முழங்கையில் கரப்பன்,
இரண்டு கிழமைக்கு எழுதினது.
நான் கன்னத்துக்கு,
ஆவணியிலிருந்து தை வரை.

முதற்கிழமை நல்லாத்தான் இருந்தது.
கஸ்தூரியார் வீதி நகைக்கடையில்
கண்ணாடிகள் எல்லாம் என் பக்கம்.

இப்போது வெங்காயத்தின் உள்தோல்,
அடியில் சிவப்பு நூல்கள்.
வெயில் பட்டால் எரிகிறது.

டொக்டர் பேசவில்லை.
என் பெயரில் ஒரு துண்டு எழுதினார்:
நாள், அளவு, இடம்.
"விட்டவுடன் இன்னும் சிவக்கும்.
பயந்து திரும்ப அதைப் பூசாதேங்கோ."

வீட்டு வாசலில் மச்சாளின் மகள்,
பருவுக்கு வேணுமாம்.
ரியூப்பில் இன்னும்
ஒரு அழுத்து மிச்சம்.