நுரை

தாடையைக் கம்பியால் கட்டி
நெய்யூரிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.
ஆறு வாரம், ஸ்ட்ராவில் ஏறுவது மட்டும்தான் சாப்பாடு.
மழை. ரப்பர் வெட்டில்லை.
அவன் அம்மைக்கு குவைத்தில் நைட் டூட்டி.

பட்டாணிப் பருப்பு, ஒரு காரட்,
நாலு உள்ளி, நல்லமிளகு.
பாதிக்குமேல் நிரப்பக்கூடாதென்று அவள் சொல்லியிருந்தாள்.
நிரப்பினேன்.

பத்து நிமிஷம். பதினைந்து.
விசில் இல்லை.
உள்ளே ஒரு முனகல் மட்டும்.
பருப்பு நுரைத்து வாயை அடைத்திருக்கிறது.
ஜெறின் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

லேய், யாரைக் கேட்டு வண்டியெடுத்தா?
பின்னால இருந்த பிள்ளை யாரு?
பதினொரு நாளாய் நான் கேட்கிறேன்,
பதினொரு நாளாய் அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான்,
டாக்டர் உபயம்.

அடுப்பை அணைத்தேன்.
ஆவி அடங்க அரை மணிக்கூர்
மூடியில் கைவைக்கவில்லை.
பிறகு துளையை ஊசியால் குத்தி,
பாதியை வேறு பானைக்கு மாற்றி,
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு
மறுபடி ஏற்றினேன்.

மூன்று விசில்.
வடிகட்டிக் கொடுத்தேன், மஞ்சளாய், கஞ்சித்தண்ணி மாதிரி.
பாதி குடித்தான்.
ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினான்:
உப்பில்லை.

அதற்குக் கீழே ஒரு பெயர்,
எழுதி அடித்திருந்தது.
முதலெழுத்து மட்டும் தெரிந்தது.
நான் உப்பெடுக்கப் போனேன்.