செவ்வாய், எட்டு நாற்பது

கப்பலில் வந்த பூட்டன் பெயரில்
ஓர் ஒற்று காணோம்.
அந்தக் கரையின் தேவாலய ஏட்டில் பெர்த்தொலாட்ஸி,
இங்கே ரொசாரியோ நகராட்சி ஏட்டில் பெர்த்தொலாஸி.
ஏதோ ஒரு குமாஸ்தாவின் மதியப் பசி.
அதைத் திருத்த வக்கீலுக்குக் கொடுத்தது
ஏழு மாதச் சம்பளம்.
தலையெழுத்தை மாற்ற முடியாதென்று யார் சொன்னது?
முத்திரைத் தாளில் முடிகிறது.

செவ்வாய் காலை எட்டு நாற்பதுக்கு
இத்தாலியத் தூதரகம் வரச் சொல்லியிருக்கிறது.
நால்வரும். அசல் தாள்களோடு.
தவறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.
கடைசி என்றால் நான்கு வருடம்.

மார்ச்சில் மாரிசெல் போகலாம் என்றாள்,
நான் வேண்டாம் என்றேன்.
ஜூன் மாதம், மாவு விலை
ஒரே வாரத்தில் இருமுறை ஏறியபோது
நான் போகலாம் என்றேன்.
அன்று மாலை ஃபிரிட்ஜை வாங்க வந்தவனை
அவள் வாசலிலேயே நிறுத்தி
இது விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டாள்.
நான்தான் விளம்பரம் கொடுத்தவன்.
உள்ளே நின்று மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்,
எனக்கென்ன என்பதுபோல.

எசேக்கியேலுக்குப் பதினைந்து.
கேட்டால் தோளைக் குலுக்குவான்.
ஆனால் குளியலறைக் கதவுக்குப் பின்னால்
தண்ணீரைத் திறந்துவிட்டு
இத்தாலிய மொழியில் எண்ணுகிறான்,
ஒன்றிலிருந்து நூறுவரை.
அறுபத்தேழில் தடுக்கி
மறுபடியும் ஒன்றிலிருந்து.

பிரெஷாவிலிருந்து சில்வானா
ஞாயிறுதோறும் பேசுவாள்.
நாலரைக்கே இருட்டிவிடுகிறது என்பாள்,
சம்பளம் தேதி தவறாமல் வருகிறது என்பாள்.
வா என்றதில்லை.
வராதே என்றதுமில்லை.
அழைப்பைத் துண்டிக்கும் முன் எப்போதும்
ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.
பரானா எப்படி இருக்கும்?
பழுப்பாக, அகலமாக,
யாரையும் பற்றிய கவலையில்லாமல்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
எந்த நாட்டிலும் மாடிகள் உண்டு,
எந்த நாட்டிலும் நடுவில் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.
அந்தத் தைரியம்தான் எனக்கு.

போன வியாழன் மின்வெட்டு.
நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஓடிலா அம்மையார், தனியாக, ஒரு பை ஆரஞ்சோடு.
மேலேயா கீழேயா என்று கத்தினார்.
மேலே, என்றேன்.
அது என் முடிவில்லை.
ஆள் குறைந்த பெட்டியை
மறுமுனையின் இரும்புப் பாரம் இழுத்துக்கொள்ளும்,
பிரேக்கைத் தளர்த்தினால் போதும்.
நிறைந்த பெட்டி தானே இறங்கும்.
தொல்லை பாதி நிறைந்ததுதான்.
எட்டுப் பேர் பெட்டியில் நாலு பேர்.
பிரேக்கைத் தளர்த்தினாலும் அப்படியே நிற்கும்.
யாராவது மொட்டைமாடி அறைக்கு ஏறிப்போய்
சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்,
ஏதாவது ஒரு பக்கமாக.

இன்று திங்கள்.
லுட்மிலாவின் முன்பல் விழுந்துவிட்டது.
தலையணைக்கடியில் வைத்தால்
பெரெஸ் என்ற எலி வந்து எடுத்துக்கொண்டு
காசு வைத்துவிட்டுப் போகும்,
இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.
பல்லோடு ஒரு சீட்டும் வைத்திருக்கிறாள்:
'அடுத்த பல் எங்கே விழும் என்று தெரியவில்லை.
அதனால் இரண்டு முகவரியும் எழுதியிருக்கிறேன்.'
பிரெஷா முகவரியில்
தெருப் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறாள்.
ஓர் எழுத்து கூடுதல்.

இருட்டில் நிற்கிறேன்.
ஒரு கையில் நூறு பெசோ நோட்டு,
இரண்டு மிட்டாய்கூட வராது.
மறு கையில் சில்வானா எப்போதோ தந்த
ஒற்றை யூரோ நாணயம்,
இந்தத் தெருவில் எந்தக் கடையிலும் செல்லாது.

பக்கத்து அறையிலிருந்து மாரிசெல்,
தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன்,
'வைத்தாயா?' என்கிறாள்.

அலாரத்தையா காசையா என்று
நான் கேட்கவில்லை.

ம், என்கிறேன்.
கை இன்னும் தலையணைக்கடியில்.